எறும்பு ஏறிய எஞ்சின்

எஞ்சினில் எறும்பு ஏறியிருந்தது.

முதலில் அவள் அதைத் துரு என்றுதான் நினைத்தாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து விளக்கைப் போட்டபோது, சாக்கின் மேல் கிடந்த எஞ்சினின் விலாப்பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. குனிந்து பார்த்தாள். கோடு நகர்ந்தது. வாசற்படி இடுக்கில் கிளம்பி, சுவரோரமாகவே வந்து, மூடாமல் கிடந்த சர்க்கரை டப்பாவைச் சட்டை செய்யாமல் தாண்டி, சாக்கு மடிப்புகளில் ஏறி இறங்கி, எஞ்சினின் அடிவயிற்றில் எங்கோ போய் மறைந்துகொண்டிருந்தன செவ்வெறும்புகள்.

தையல் ஆலையில் மெஷின்களைப் பழுது பார்ப்பவள் அவள். லைனில் இருக்கும் பெண்கள் அவளை ஸ்பேனரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயில் இருக்கும் இடத்துக்கு எறும்பு வராது என்பது அவளுக்குத் தெரியும். எறும்பு ஏறாமல் இருப்பதற்காகவே சாப்பாட்டு மேஜையின் கால்களில் மெஷின் ஆயிலைத் தடவி வைப்பவள்.

"என்னங்க, இது மேல எதையாவது சிந்திட்டீங்களா?"

"நான் அது பக்கமே போகலம்மா. பார்த்தாலே ஆட்டுத்தலை மாதிரி இருக்கு," என்றான் கணவன், கட்டிலில் படுத்தபடியே.

மருந்துக் கடைகளுக்குப் பெட்டி பெட்டியாக மருந்து கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. பைக் இருந்தால்தான் அந்த வேலை. ஆயில் மாற்றுங்கள், ஆயில் மாற்றுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் ஓட்டி, போன வாரம் நட்ட நடு ரோட்டில் எஞ்சின் இறுகிப்போய் நின்றது. திங்கட்கிழமை வண்டியோடு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பத்து நாள் இழுப்பார்கள். அதனால் அவளே பழைய எஞ்சினைக் கழற்றி, பழைய இரும்புக் கடையில் போட்டு, அதே ரக வண்டியின் வேறொரு எஞ்சினைக் கியர்பெட்டியோடு சேர்த்து எடுத்துவந்திருந்தாள். வாசலில் மழை பெய்ததால் வேலை முழுக்க முன்னறையில்தான். வயிறு திறந்த வண்டி சுவரோரம் நின்றது. அதன் காலடியில் இந்த எஞ்சின்.

எறும்புகளைத் துணியால் துடைத்துவிட்டு, எஞ்சினைக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, அடியில் பழைய அண்டா மூடியைத் தள்ளி, அடிபோல்ட்டைக் கழற்றினாள். எந்த எஞ்சினானாலும் முதல் வேலை உள்ளே இருக்கும் ஆயிலை வடிப்பதுதான். போல்ட் கையோடு வந்துவிட்டது. ஆனால் ஒன்றும் ஒழுகவில்லை. ஓட்டையில் பழுப்பாக ஏதோ நின்றது, ஆறிய பாலின் ஆடை போல மெல்லிசாக, நடுவில் கொஞ்சம் உப்பிக்கொண்டு. ஸ்குரூ டிரைவரின் நுனியால் தொட்டாள். கிழிந்தது. பிறகுதான் வந்தது, கட்டி கட்டியாக, தயங்கித் தயங்கி, ஒவ்வொரு கட்டியும் மூடியில் விழும்போது தளக் தளக் என்று சத்தம் போட்டுக்கொண்டு. கருகிய ஆயிலின் காட்டமான வாசனையை எதிர்பார்த்த மூக்கில், நாள்கணக்கில் மாற்றாத புண்கட்டை அவிழ்த்தால் வருகிற இனிப்பான நாற்றம் ஏறியது.

என்ன இது என்று பார்க்க எழுந்து வந்த கணவன், வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். உள்ளே ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி இறங்கியிருக்குங்க," என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள். "ஆயில்ல தண்ணி கலந்தா இப்படித்தான் திரளும்."

சொன்னது அவனுக்கா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்தால் வெளுக்கும். இது வெளுக்கவில்லை. ஒரு கட்டியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. காலையிலிருந்து ஈரச் சாக்கில் கிடந்த எஞ்சின்.

கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றியபோது இன்னும் மோசம். போல்ட்டுகள் எல்லாம் வந்த பிறகும் மூடி வரவில்லை. நடுவில் இருந்த காகிதப் பேக்கிங் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மரச்சுத்தியால் நாலு தட்டுத் தட்டி இழுத்தாள். பிளந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே, தூங்கி எழுந்தவன் வாயைத் திறந்தால் தெரிவதைப் போல, வழுவழுப்பான நூல்கள் இழுபட்டு, நீண்டு, ஒவ்வொன்றாக அறுந்தன. உள்ளே பற்சக்கரங்கள் பளிச்சென்று இருந்தன. தேய்மானமே இல்லை. அடியில் மட்டும், பல் எல்லாம் சக்கரத்தோடு சேருகிற இடத்தில், ஈறு மாதிரி ஒரு செந்நிற விளிம்பு.

கியர் லீவரைக் கையால் அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு கியருக்கும் டக் என்று ஒரு வெட்டு கேட்க வேண்டும். கேட்கவில்லை. மெத்தென்று போய் மெத்தென்று திரும்பியது. கோழிக்காலை முறுக்கும்போது மூட்டு வழுக்குமே, அந்த வழுக்கல்.

பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எந்த வண்டியில இருந்து எடுத்த எஞ்சின் இது?"

"ஏம்மா, ஓடலையா?"

"இன்னும் மாட்டவே இல்ல. நாறுது. எறும்பு மொய்க்குது."

மறுமுனையில் தராசுச் சங்கிலி ஆடும் சத்தம் கேட்டது. "எங்க கடையில நாய் வந்து நக்கிட்டே கிடந்துச்சு. ஓட்டத்துல ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா."

"திருப்பி எடுத்துக்கிறீங்களா?"

"உங்க பழசைத்தான் அப்பவே உடைச்சு உருக்கப் போட்டாச்சே," என்றவர், அவசரமாக, "வீட்டுக்குள்ள வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கழுவினாள். கழுவக் கழுவ அந்தச் செந்நிற விளிம்பு சிவந்ததே தவிர, போகவில்லை. புதுப் பேக்கிங் வைத்து மூடினாள். கையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டுச் சோற்றில் வைத்தாள். ஒரு கவளம் வாய்வரை போய்த் தட்டுக்கே திரும்பியது.

மறுநாள் காலை அவளுடைய அண்ணன் வந்தார். டேங்கர் லாரி ஓட்டுகிறவர், டயரையே தனியாகத் தூக்கி மாட்டுகிறவர். அவரும் கணவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க, அவள் வண்டியின் இரும்புச் சட்டத்துக்குள் எஞ்சினை நுழைத்து, போல்ட் ஓட்டைகளை நேர் பார்க்க வேண்டும்.

"என்ன மச்சான், எஞ்சினைத் தூக்கச் சொன்னா எருமையைத் தூக்கச் சொல்றீங்க," என்று அண்ணன் மூச்சு வாங்கினார். "இதுல பிடிமானமே இல்ல. வழுக்குது."

"கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சம்... அப்படியே நிறுத்துங்க."

எஞ்சின் உள்ளே போனது. இடுக்கி, தட்டி, நெம்பித்தான் உட்காரும் என்று அவள் கடப்பாரை எடுத்து வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. பாதி தூரம் போனதும் தானாகவே ஒரு நெளி நெளிந்து இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதே நொடியில் கணவன் அலறினான். ஆள்காட்டி விரல் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அண்ணன் நெம்ப, அவன் இழுக்க, விரல் வந்தது. நுனித்தோல் வரவில்லை.

விரலில் மஞ்சள் வைத்துக் கட்டினாள். பிறகு டார்ச் அடித்துத் தேடினாள். எதற்குத் தேடுகிறோம் என்று தெரியவில்லை, ஆனால் தன் புருஷனின் தோல் அதற்குள் கிடக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. சட்டத்தில் இல்லை. தரையில் இல்லை. ரத்தம் சொட்டிய இடங்கூட இல்லை. எஞ்சின் துடைத்து வைத்தது போலிருந்தது.

அண்ணன் குளியலறையில் கை கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

"என்னம்மா இது," என்று கையை முகர்ந்துகொண்டே வந்தார். "கறிக்கடையில கை வச்ச மாதிரி போகவே மாட்டேங்குது."

"சாப்பிட்டுப் போங்கண்ணே."

"சாப்பாடா? இன்னிக்கு இனிமே சாப்பாடுன்னு பேச்செடுக்காத." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஓடினா ஓடட்டும். ஓடலைன்னா கழட்டித் தூரப் போட்டுடு. மனசுக்குப் பிடிக்கலை."

மத்தியானத்துக்குள் செயின், கார்பரேட்டர், சைலன்சர், வயர்கள் எல்லாம் மாட்டி முடித்தாள். புது ஆயில் ஊற்றினாள். ஒரு டப்பா முழுக்க ஊற்றியும் அளவுக் கம்பியில் ஈரம் படவில்லை. இன்னொரு டப்பா. அதற்கும் இல்லை. ஒழுகுகிறதா என்று அடியில் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே, வெகு உள்ளே, மடக் மடக் என்று ஏதோ இறங்கும் சத்தம்.

கணவன் கட்டுப் போட்ட கையோடு வந்து கிக்கரை ஒரு மிதி மிதித்தான். முதல் மிதியிலேயே ஓடியது.

படபடவென்று இல்லை. அவளுடைய காது மெஷின்களிலேயே வளர்ந்த காது. எந்த ஓட்டத்திலும் இரும்பு இரும்பை இடிக்கும் ஒரு சத்தம் அடியில் இருக்கும். இதில் இல்லை. சளி கட்டிய நெஞ்சில் மூச்சு ஏறி இறங்குவதைப் போல கரகரவென்று, ஈரமாக. சைலன்சரிலிருந்து வந்த புகையில் தலைமயிர் கருகும் வாசனை அடித்தது.

"பூ மாதிரி ஓடுது பாரு!" அவன் முகமெல்லாம் பல். "ஸ்பேனரம்மா, உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, வாசற்படியில் பலகை போட்டு வண்டியை இறக்கி, மழையிலேயே கிளம்பினான். ஒரு சுற்று என்று போனவன் இருட்டும்போதுதான் வந்தான். வந்தும் உடனே இறங்கவில்லை. வண்டியை முன்னறைக்குள் ஏற்றி நிறுத்தி, பெட்ரோல் டாங்கியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"காலே வைக்க வேண்டாம். மனசுல நினைச்சா கியர் மாறுது."

"இறங்குங்க. கட்டு எல்லாம் நனைஞ்சிருக்கு, மாத்தணும்."

கட்டை அவிழ்த்தாள். புண் இல்லை. காலையில் சதை தெரிந்த இடத்தில் புதுத்தோல், மழுங்கலாக, மெழுகு பூசியது போல. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். மற்ற விரல்களில் எல்லாம் ரேகை இருந்தது. இந்த விரலில் ஒரு கோடுகூட இல்லை.

அவன் குளிக்கப் போனதும் வண்டியின் அருகில் உட்கார்ந்தாள். எஞ்சினின் பக்கவாட்டில், மதியம் வழவழவென்று துடைத்து வைத்த இடத்தில், சுழிச் சுழியாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினாள். நகம் அழுந்தியது. எடுத்ததும் அந்த இடம் வெளுத்து, மெல்லச் சிவந்தது. கோடுகள். நெருக்கமான, வளைந்த, ஒன்றையொன்று தொடாத மெல்லிய கோடுகள், உள்ளங்கை அகலத்துக்கு. நடுவில் ஒரு சுழி. விரல் ரேகை. அவனுடைய விரலில் இருந்ததைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

அவள் எழுந்து ஓடினாள். வாசலில் நின்று வாந்தி எடுத்தாள்.

"இதை நாளைக்கே கழட்டிடுவோங்க," என்றாள் இரவு.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு வண்டி இல்லைன்னா வேலை போச்சு."

"போனா போகட்டும்."

இருட்டில் அவன் படுத்திருந்த பக்கத்திலிருந்து அந்த வாசனை வந்தது. முதுகைக் காட்டிப் படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பக்கம் முதுகு காட்டிப் படுத்ததில்லை.

திங்கட்கிழமை அவள் கண் விழித்தபோது அவனும் இல்லை, வண்டியும் இல்லை. ஆலைக்குப் போனாள். தையல் மெஷின் ஒன்றைத் திறந்து, ஊசி மாட்டும் கம்பியை இரண்டு விரல்களால் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். சில்லென்று இருந்தது. இரும்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

மத்தியானம் கணவனின் முதலாளி கூப்பிட்டார். காலையில் ஒரு நடை போட்டவன் அப்புறம் வரவே இல்லை, மருந்தெல்லாம் அப்படியே கிடக்கிறது என்று கத்தினார். அவள் அவனைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்." குரல் இதமாக, தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல இருந்தது. "உட்கார்ந்திருக்கேன்."

"எங்க உட்கார்ந்திருக்கீங்க?"

அவன் மூச்சு விட்டான். கரகரவென்று. அது அவன் மூச்சுதானா என்று யோசிப்பதற்குள் போன் நின்றது.

அவள் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டு முன்னறை மங்கிக் கிடந்தது. வண்டி நடுவில் நின்றது. சாவி தரையில் கிடந்தது. அவன் வண்டியின் மேல் இருந்தான். டாங்கியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன் மேல் வைத்துக்கொண்டு.

"என்னங்க."

"ம்."

"இறங்குங்க."

"இருக்கட்டும்மா. கதகதன்னு இருக்கு."

விளக்கைப் போட்டாள். அவனுடைய பேன்ட் முழங்கால் வரை சுருண்டு ஏறியிருந்தது. வலது கெண்டைக்கால் எஞ்சினில் சாய்ந்திருந்தது. சூடு பட்டு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தாள். கால் வந்தது. கூடவே எஞ்சினின் பக்கமும் வந்தது, கூடாரத் துணி போல இழுபட்டு. விட்டாள். சுருங்கிப் போய் ஒட்டிக்கொண்டது. கால் எங்கே முடிகிறது, எஞ்சின் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித் தேடினாள். விளிம்பே இல்லை. கெண்டைக்காலின் ரோமம் தொடர்ந்து எஞ்சின் மேலும் முளைத்திருந்தது. தடவிய இடமெல்லாம் வியர்த்திருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டாள். பேச்சு குழறியது.

"தொடாத!" என்றார் அண்ணன். "நான் வர்றேன். வெளியூர்ல இருக்கேன்மா, நேரமாகும். எதையும் தொடாத."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் முழங்கால் இல்லை.

காத்திருக்க முடியாது. கழற்ற வேண்டும். எப்படி, எதிலிருந்து எதை, என்று மனசுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. முதலில் அடிபோல்ட். எந்த எஞ்சினானாலும் முதலில் அடிபோல்ட். தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்து ஸ்பேனரைப் போட்டாள்.

ஒரு திருகு.

மேலே அவன் "ஸ்ஸ்" என்றான்.

"வலிக்குதா?"

"மெதுவா."

இன்னொரு திருகு. போல்ட் வழுக்கிக்கொண்டு வந்து, கையிலிருந்து நழுவி, தரையில் உருண்டது. முகத்தில் கொட்டியது. சூடாக. வாயில். உப்பு.

ஆயில் இல்லை.

துப்பினாள். கண்ணைத் துடைத்தாள். சிவப்பு. தரையெல்லாம் சிவப்பு. ஒழுக ஒழுக மேலே அவன் கை டாங்கியிலிருந்து தளர்ந்து தொங்கியது. நகம் வெளுத்தது. உதடு வெளுத்தது.

"குளிருதும்மா," என்றான்.

ஓட்டையில் கட்டை விரலை வைக்கப் போனாள். அருவருப்பு. கை பின்வாங்கியது. அவன் கண் செருகியது. பக்கத்தில் கிடந்த பனியன் துணியைச் சுருட்டி ஓட்டையில் அழுத்தினாள். நின்றது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். துணிக்கு அடியில் நாடி துடித்தது. மேலே அவன் மூச்சு விட்டான். எஞ்சினும் விட்டது. ஒன்றாக.

போல்ட் எங்கே?

தலையைத் திருப்பினாள். போல்ட் சுவரோரம் கிடந்தது. காலை நீட்டினாள். எட்டவில்லை. ஒரு கையை எடுத்தாள். துணியோரம் குபுக்கென்று கசிந்தது. மேலே அவன் முனகினான். கையை மறுபடி வைத்தாள்.

இப்படியே இருந்துவிடலாம். அண்ணன் வரும் வரை. அழுத்திக்கொண்டே. வாயை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு.

அப்போது துணி அசைந்தது.

நழுவுகிறது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நழுவவில்லை. ஒரு சிறு இழுப்பு. நின்றது. மறுபடி ஒரு இழுப்பு. பால் குடிக்கும் குழந்தையின் வாயைப் போல, அவசரமில்லாமல், விட்டு விட்டு. துணியின் முனை உள்ளே போயிருந்தது. அவள் பிடித்திருந்த சுருட்டல் ஒவ்வொரு இழுப்புக்கும் பிரிந்து, மெலிந்து, மேலே ஏறியது.

"விடாத," என்றான் மேலேயிருந்து. கண் மூடியிருந்தது. வாய் அசையவில்லை.

கையளவு துணி மிச்சம் இருந்தது.

பிறகு விரலளவு.

அவள் விடவில்லை. ஓட்டையின் விளிம்பு ஈரமாகச் சுருங்கி, விரிந்து, கடைசி நூலையும் உறிஞ்சிக்கொண்டு, அவள் விரல் நுனிகளைத் தொட்டது.